இறங்காத விமானத்துக்கு எடுத்த கொடை

உப்போடைப்பட்டிக்கு மேலே ஒரு மஞ்சள் விமானம் இருபத்தேழு வருடம் வட்டமடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் உடனே அதற்குப் பெட்ரோல் யார் ஊற்றினார்கள் என்று கேட்பார்கள். உப்போடைப்பட்டிக்காரர்களும் முதல் மூன்று நாள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள் நல்ல மழை பெய்து ஏர் பூட்ட வேண்டி வந்ததால் கேள்வியை அப்படியே வரப்பில் போட்டுவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் ஒழியவில்லை.

விமானம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு மர்மமும் கிடையாது. யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் சர்க்கார் ஊருக்குக் கிழக்கே இருந்த மேய்ச்சல் தரிசை வளைத்து, அங்கே முள்ளைத் தவிர எதுவும் முளைக்காது என்று தாசில்தாரே எழுதிக் கொடுத்திருந்த தைரியத்தில், ஒரு மைல் நீளத்துக்குச் சிமெண்டு ஓடுபாதை போட்டு, தகரக் கொட்டகைகள் கட்டி, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆக்கியது. மீசை சரியாக அரும்பாத பையன்கள் தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியுமாக லாரியில் வந்து இறங்கினார்கள். முதல் மாதம் வாத்தியாரோடு பறந்தார்கள், இரண்டாம் மாதம் தனியாகப் பறந்தார்கள், பிறகு எங்கேயோ அனுப்பப்பட்டார்கள், அவர்கள் படுத்த கட்டிலில் அடுத்த லாரிப் பையன்கள் வந்து படுத்தார்கள். பழகுகிறவன் ஓட்டுகிறான், ஒதுங்கிப் போங்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எல்லா விமானத்துக்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள். ஊரில் அதற்கு மஞ்சக்குருவி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கொடி பிடிக்கிற வேலை வெயிலுமுத்துவுக்குக் கிடைத்தது. அப்போது அவனுக்கு வயது இருபது. பிற்பாடு அவன் பூசாரி ஆனதும் ஊரே அவர் இவர் என்று பேசத் தொடங்கியது. நாம் அவனை இருபது வயதிலிருந்து பார்ப்பதால் அவன் என்றே வைத்துக்கொள்வோம், கோபித்துக்கொள்ளமாட்டான். வேலை சுலபமானது. ஓடுபாதையின் தலைமாட்டில் ஒரு கல்குழி உண்டு. அதில் வெள்ளைக்கொடி நட்டிருந்தால் மேலே இருக்கிறவன் இறங்கலாம். சிவப்புக்கொடி நட்டிருந்தால் இறங்கக்கூடாது, மறுபடி மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரவேண்டும். எதை எப்போது நடுவது என்று சொல்ல ஒரு சார்ஜண்டு துரை இருந்தார். அவருக்குத் தமிழில் ஆறு வார்த்தை தெரியும், அதில் நாலு வார்த்தை பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சொல்லமுடியாதவை. மிச்சமிருந்த இரண்டு வார்த்தைகளையும் கை ஜாடையையும் வைத்து அவர் வெயிலுமுத்துவுக்கு ஒரே ஒரு சட்டத்தை மண்டையில் ஏற்றியிருந்தார்: நான் சொல்லாமல் கொடியைத் தொடாதே.

யுத்தம் முடிந்த அன்று காலை பதினேழாம் நம்பர் விமானத்தில் ஒரு பையன் முதன்முதலாகத் தனியாக மேலே ஏறினான். ஏறியவன் சுற்றி முடித்து இறங்க வரும் சமயம் பார்த்து கெங்குசாமி வீட்டு எருமை ஒன்று ஓடுபாதையின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. சார்ஜண்டு கத்தினார், வெயிலுமுத்து சிவப்புக்கொடியை நட்டான், பையன் மேலே போனான், எருமையை நாலு பேர் வாலை முறுக்கி எழுப்பினார்கள், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அந்த நிமிஷத்தில் சங்கு ஊதியது. யுத்தம் முடிந்துவிட்டது என்று கொட்டகைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து தொப்பிகளை வீசினார்கள், ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள், கிடைத்த லாரிகளில் தொற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினார்கள். லாரியில் ஏறிய சார்ஜண்டின் பின்னால் வெயிலுமுத்து ஓடி, கொடியைக் காட்டி என்ன செய்ய என்று ஜாடையில் கேட்டான். அவர் அவன் தலையைத் தடவி ஒரு தகரடப்பா பிஸ்கோத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிஸ்கோத்து என்றால் என்ன உத்தரவு என்று அவனுக்குத் தெரியவில்லை. உத்தரவில்லாமல் கொடியைத் தொடக்கூடாது என்பது மட்டும் தெரியும். டப்பாவை எடுத்துக்கொண்டு அவனும் வீட்டுக்குப் போய்விட்டான்.

இரண்டு வாரத்தில் கொட்டகைகளைப் பிரித்தார்கள், கட்டில்களை ஏற்றினார்கள், முள்வேலியைக்கூடச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஓடுபாதையையும் கல்குழியையும் சிவப்புக்கொடியையும் விட்டுவிட்டுப் போனார்கள், மேலே சுற்றிக்கொண்டிருந்த பையனையும்.

விசாரிக்க வந்த தாசில்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விமானம் தலைக்கு மேலே மூன்று முறை போய்வரும் வரை பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "பதினேழாம் நம்பர் விமானம் போன வாரமே ஒப்படைக்கப்பட்டிருக்கு. கையெழுத்து இருக்கு. அதனால மேலே பறக்குறது விமானம் இல்லை" என்றார். பின்னே என்னவென்று எழுதுவது என்று குமாஸ்தா கேட்டபோது கொஞ்சம் யோசித்து, பறவை என்று எழுதச் சொன்னார். அத்தோடு சர்க்காருக்கு அந்தப் பையனோடு உள்ள சம்பந்தம் முடிந்தது.

ஊருக்குத் தொடங்கியது. விமானம் தெற்கே உப்போடைக்கு மேலே திரும்பி, ஒற்றைப் புளியமரத்தை உரசுகிற மாதிரி தாழ்ந்து, ஓடுபாதையைத் தொட ஒரு ஆள் உயரம் இருக்கும்போது கொடியைப் பார்த்து, மறுபடி மூக்கை நிமிர்த்தி மேலே போகும். இப்படி ஒரு சுற்று வர எவ்வளவு நேரமாகும் என்பது எல்லோருக்கும் பழகிப்போனது. உலை வைத்தால் இரண்டாவது சுற்றில் கொதிக்கும். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்தாவது சுற்றுக்குள் கிளம்ப வேண்டும். தாலி கட்டும்போது விமானம் தலைக்கு மேலே போனால் நல்லது என்று யாரோ சொல்லப்போய், ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தை மஞ்சக்குருவிக்காக முன்னே பின்னே தள்ளினார்கள். வேற்றூர்ப் பெண்கள் வாக்கப்பட்டு வந்த முதல் வாரம் சத்தத்தில் தலைவலிக்கிறது என்பார்கள். பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போனால் அங்கே சத்தமில்லாமல் தூக்கம் வரவில்லை என்று பத்தே நாளில் திரும்பி வருவார்கள்.

பையன் திறந்த இருக்கையில் உட்கார்ந்திருந்ததால் அவன் முகம் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் கையைக் காட்டினால் அவனும் காட்டுவான். சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று பெண்கள் கவலைப்பட்டு, புளியமரத்து உச்சிக்கொம்பில் தூக்குவாளியில் கட்டுச்சோறு தொங்கவிட்டார்கள். அதைக் காக்கைகள் தின்றன. ஆனாலும் பையன் இளைக்கவில்லை, தாடி வளரவில்லை, பத்தொன்பது வயதுக்கு மேலே ஒரு நாள்கூடக் கூடவில்லை. வெயிலுமுத்துவுக்கு அவன் முதலில் ஒரு கூட்டாளி மாதிரி இருந்தான், பிறகு தம்பி மாதிரி ஆனான், தலை நரைத்தபிறகு அண்ணாந்து பார்த்தால் மகன் மாதிரி இருந்தான்.

தை பிறந்ததும் நடந்ததுதான் பெரிய விசேஷம். ஒரு மைல் சிமெண்டுக் களம் சும்மா கிடக்கிறதே என்று ஊரில் எல்லோரும் மிளகாய்ப் பழத்தை ஓடுபாதையில் கொண்டுவந்து காயப்போட்டார்கள். மிளகாயைக் காயப்போடுவது கஷ்டமில்லை. நாளுக்கு நாலு தடவை புரட்டிவிட வேண்டும், அதுதான் கஷ்டம், கையெல்லாம் எரியும், அந்தக் கையால் கைப்பிள்ளையைத் தொடமுடியாது. இப்போது விமானம் ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்து வந்து மேலேறிப் போகிற காற்றில் மொத்த மிளகாயும் ஒரு தடவை புரண்டு படுத்தது. பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அப்படிக் காய்ந்த வத்தலுக்கு ஒரு நிறமும் காரமும் வந்து, விருதுநகர்ச் சந்தையில் மஞ்சக்குருவி வத்தல் என்றே பெயர் வாங்கியது. ஓடுபாதையைக் குடும்பத்துக்கு இத்தனை அடி என்று பங்கு பிரித்துக் கோடு போட்டார்கள். அண்ணன் தம்பிகள் அந்தக் கோட்டுக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் நகையைக்கூட விட்டுக்கொடுத்தார்கள், ஓடுபாதையில் முப்பது அடியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் கொடி காற்றில் கிழிந்தது. சார்ஜண்டு சொல்லவில்லை, ஆகவே சிவப்புக்கொடி இருந்தாக வேண்டும் என்று வெயிலுமுத்து நினைத்தான். நாளைக்கு அவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது, கொடி இல்லாத நேரத்தில் பையன் இறங்கி எருமைமேல் மோதினால் யார் தலை உருளும். ஒரு சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு போய்க் கட்டினான். கட்டும்போது பயத்தில் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். மிளகாய்க் கூடையோடு வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"மேல இருக்க புள்ள பத்திரமா எறங்கணும்னு வெயிலுமுத்து கொடி கட்டி வேண்டுதான்" என்றாள் ஒருத்தி.

அப்படியில்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் இன்னொருத்தி கொடிக்கம்புக்கு மஞ்சளைப் பூசி, தலையிலிருந்த பூவை எடுத்துச் சுற்றிவிட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு மூடியதுதான்.

அடுத்த வருடம் கல்குழியைச் சுற்றி ஒரு பீடம் வந்தது. அதற்கடுத்த வருடம் கொடிமாடன் என்று சாமிக்குப் பெயர் வந்தது. பங்குனி மாதம் வத்தல் மூட்டை பிடிக்கிற சமயத்தில் கொடை எடுப்பது என்று முடிவாகி, மேளமும் பொங்கலும் கிடாவெட்டும் வந்தன. கொடையின் முக்கியமான சடங்கு என்னவென்றால், விமானப் பையன் நல்லபடியாகத் தரையிறங்க வேண்டும் என்று ஊரே ஒன்றாக வேண்டிக்கொண்டு, பழைய சிவப்புக்கொடியை இறக்கிவிட்டு, போன வருடத்தைவிடப் பெரிய, போன வருடத்தைவிடச் சிவப்பான, புத்தம் புதுக் கொடி ஒன்றைக் கட்டுவார்கள். பூசாரி வெயிலுமுத்து. அவனுக்குக் கட்டிக்கொடுத்த சொர்ணக்கிளி கல்யாணமான முதல் வருடமே வீடுவீடாக மடிப்பிச்சை எடுத்துக் கொடிமாடனுக்குப் பட்டு சாத்தினாள், அந்தப் பையனுக்காக.

இருபத்தேழாம் வருடம் மாசிக் கடைசியில் விமானம் இருமத் தொடங்கியது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சத்தம் நின்று, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, திணறித் திணறித் திரும்பவும் பிடித்துக்கொண்டது. மிளகாய் பாதிதான் புரண்டது. புளியமரத்தின் உச்சிக்கொம்பு ஒன்றைச் சக்கரம் ஒடித்துக்கொண்டு போனது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். இப்போது பஞ்சாயத்துப் பிரசிடெண்டாக இருந்தவர் கெங்குசாமி, அந்த எருமை வீட்டுக்காரர்தான். சாமிக்கு நாம் செய்தது போதவில்லை, இந்தக் கொடைக்கு முப்பது அடி நீளத்தில் சிவப்புப் பட்டில் கொடி கட்டினால் பையனுக்கு ஒரு ஆபத்தும் வராது என்று அவர் சொல்ல, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடமும் பையன் மேலே இருக்கிறான், இருக்கட்டும், ஒன்றும் ஆகவில்லையே என்று மனசைச் சமாதானம் பண்ணி வைத்திருந்தான். இப்போது ஆகப்போகிறது. கொடைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் பீடத்தைக் கழுவிக்கொண்டிருந்த சொர்ணக்கிளி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தாரும், நாலு நாளா நீரு ஆளே சரியில்லையே, என்ன?"

"அந்தக் கொடி…" என்று தொடங்கினான். "செவப்புக் கொடின்னா எறங்காதன்னு அர்த்தம், புள்ள."

"யாரு எறங்காத?"

"அவன்தான். மேல இருக்கவன். செவப்பப் பாத்தா எறங்கக்கூடாது. வெள்ளையப் பாத்தாத்தான் எறங்கணும். அதான் சட்டம்."

அவள் கொடியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். விமானம் இருமிக்கொண்டே வந்து, கொடியைப் பார்த்து, இருமிக்கொண்டே மேலே போனது.

"அப்போ இத்தன வருசமா கெடா வெட்டி, பொங்க வச்சு, கொலவை போட்டு, எறங்காத எறங்காதன்னா சொல்லிக்கிட்டு இருக்கோம்?"

"ஆமா."

"நான் மடிப்பிச்சை எடுத்துச் சாத்துன பட்டு?"

"அதும் எறங்காதன்னுதான்."

சொர்ணக்கிளி ஈரப்பீடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "முப்பதடிக் கொடி கட்டுறதுக்கு முந்தி ஊர்ல சொல்லிரும். நீரு சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா இதைவிட அசிங்கமா இருக்கும்."

அவன் பிரசிடெண்டு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். கெங்குசாமி ஊஞ்சலை நிறுத்திக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பூசாரியாரே, அவன் எறங்கிட்டா வத்தலை யாரு பெரட்ட?"

"வத்தலா? அவன் உசுரு போயிரும்யா."

"கொடை யாருக்கு எடுக்க? சாமின்னு ஒரு தலைமுறையே கும்பிட்டிருக்கு. அது சாமியில்ல, மேல இருக்க பயலைத் தடுத்து வச்சிருந்த துணின்னு சொல்லி, அந்தக் கெழவிமாரு மொகத்துல முழிச்சிருவீராக்கும்? பேசாம கொடியைக் கட்டும். எல்லாம் அவன் பாத்துக்கிடுவான்."

எந்த அவன் என்று வெயிலுமுத்துவுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான், பிரசிடெண்டு சொன்னதில் ஒவ்வொரு காரணமும் அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்ட காரணம்தான். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது நாறியது.

கொடை நாள் காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடுபாதை முழுக்க மிளகாய் சிவந்து கிடந்தது. பீடத்தைச் சுற்றிக் கூட்டம், மேளம், பொங்கல் புகை. முப்பது அடிப் பட்டு ஒரு தாம்பாளத்தில் மடிப்பு மடிப்பாக அம்பாரம் போட்டிருந்தது. தலைப்பாகையும் புதுவேட்டியுமாக வெயிலுமுத்து பீடத்தில் ஏறிப் பழைய கொடியை இறக்கினான். அந்த நேரம் மேலே விமானம் மூன்று தடவை இருமி, சத்தம் நின்றது. மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். பிறகு வடக்கே தூரத்தில் அது லொடலொடவென்று திரும்பப் பிடித்துக்கொண்டது. கெங்குசாமி தாம்பாளத்தை நீட்டினார்.

வெயிலுமுத்து தாம்பாளத்தைக் காலால் எட்டி உதைத்தான்.

பட்டு சரிந்து பொங்கல் பானையில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். "சாமி வந்துட்டு! கொடிமாடன் வந்துட்டான்!"

"சாமி வரலை! நான் வெயிலுமுத்து!"

"சாமி பூசாரி பேருலயே பேசுது" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். மேளம் திரும்ப எழுந்தது.

"நான்தாம்லே தப்பு பண்ணுனேன்! இந்தக் கொடியக் கட்டுனதே தப்பு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சாமி இவ்வளவு உருக்கமாக எந்தக் கொடையிலும் பேசியதில்லை. இருபத்தேழு வருடமாகச் சொல்லப் பயந்ததைச் சொல்லிவிட்டால் கல்லெடுத்து எறிவார்கள் என்று நினைத்திருந்தவனுக்கு, சொன்னபிறகு விபூதி பூச வருகிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விவாதம் பண்ண நேரமில்லை.

"வத்தலை அள்ளுங்க! களத்தைக் காலி பண்ணுங்க! அவன் எறங்கப்போறான்!"

இந்த இடத்தில் குலவை கொஞ்சம் சுருதி இறங்கியது. சாமி சொல்லலாம், கிடா கேட்கலாம், காப்பு கேட்கலாம். காயப்போட்ட மிளகாயை அள்ளு என்றால் கொஞ்சம் யோசிக்கத்தானே வேண்டும். சாமி இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லட்டும் என்று ஒரு குரல்கூட எழுந்தது. அதற்குள் சொர்ணக்கிளி கூடையும் துடைப்பமுமாக ஓடுபாதையில் இறங்கித் தன் பங்கு மிளகாயை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கியிருந்தாள். அதை முடித்ததும் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுப் பங்கையும் தள்ளத் தொடங்கினாள். அடுத்த வீட்டுக்காரிக்கு அது பொறுக்கவில்லை, எங்க மிளகாய நீ எப்படித் தொடலாம் என்று அவளும் இறங்கினாள். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். முந்தானையில் அள்ளினார்கள், துண்டில் அள்ளினார்கள், இல்லாதவர்கள் காலால் தள்ளினார்கள், இத்தனை வருடப் பாகப்பிரிவினைக் கோடுகளெல்லாம் ஒரு பத்து நிமிஷத்தில் அழிந்துபோயின. தன் பங்குதான் கல்குழிக்கு ஆகக் கிட்டே இருக்கிறது, விமானம் முதலில் அதன்மேல்தான் இறங்கும் என்பது நினைவுக்கு வந்ததும் கெங்குசாமியும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

விமானம் புளியமரத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைக்கொடிக்கு எங்கே போவது? வெயிலுமுத்து இடுப்பைத் தடவினான். புதுவேட்டியை உருவி, பட்டாபட்டி டவுசரோடு பீடத்தில் நின்று, இரண்டு கையாலும் அதைத் தலைக்குமேலே விரித்துப் பிடித்தான். காற்று அதை நன்றாக விரித்துக் கொடுத்தது.

பையன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். உள்ளே இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தான். இந்தத் தடவை மூக்கு நிமிரவில்லை. சக்கரம் சிமெண்டைத் தொட்டது, ஒரு துள்ளுத் துள்ளியது, திரும்பத் தொட்டது, ஓரத்தில் குவித்திருந்த வத்தல் குவியல்களெல்லாம் காற்றில் எழும்பி ஓடுபாதை முழுக்கச் சிவப்பாகப் புழுதி கிளம்பி, பெண்களும் ஆண்களும் மேளக்காரர்களும் பிரசிடெண்டும் வெட்டுக்காகக் கட்டியிருந்த கிடாயும் ஒருசேரத் தும்மத் தொடங்கினார்கள். இப்படித் தும்மிக்கொண்டேதான் உப்போடைப்பட்டி அந்தப் பையனை வரவேற்றது.

விமானம் ஓடுபாதைக் கடைசி வரை ஓடித் திரும்பி, பீடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, அடங்கியது. பையன் இறங்கினான். தரை ஆடுகிறது போலிருக்கிறது, இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊரே அவனை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவன் ஊர்ச் சனத்தைப் பார்த்தான், மேளத்தைப் பார்த்தான், டவுசரோடு நிற்கிறவனைப் பார்த்தான்.

"ஏனுங்க, இங்க கொடி புடிக்கறவரு ஒருத்தரு இருப்பாருங்களே, அவரெங்கீங்க?"

பேச்சு கோயமுத்தூர்ப் பக்கம்.

"நான்தான் தம்பி" என்றான் வெயிலுமுத்து.

"அவரு சின்னவருங்க."

"சின்னவனாத்தான் இருந்தேன்."

பையன் அவனை உற்றுப் பார்த்தான். முகம் எங்கேயோ பிடிபட்டிருக்க வேண்டும். இரண்டு கையையும் ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"எம் பேரு நாச்சிமுத்துங்க. தாராபுரமுங்க. மன்னிச்சுக்கோணுமுங்க, ரொம்ப நேரம் பண்ணிப்போட்டனுங்க. மொதல்ல ஒசரத்துல வந்துட்டனாட்ட இருக்குதுன்னு தாழ வந்தனுங்க. அப்பறம் வேகம் சாஸ்தியோன்னு கொறச்சனுங்க. றெக்கை ஒருபக்கம் சாயுதோன்னு அதையுஞ் சரி பண்ணிப் பாத்தனுங்க. எப்படி வந்தாலும் செவப்பே காட்டுனீங்க. எத்தன சுத்துன்னு எண்ணறதயே உட்டுட்டனுங்க. நமக்கு இது வராதாட்ட இருக்குது, அப்பங்கிட்ட என்னன்னு போயிச் சொல்றதுன்னு மேலயே…" நெற்றிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நிமிர்ந்தான். "இப்ப வந்ததாச்சும் சரிங்களா? சார்ஜண்டு பாத்தாருங்களா?"

தும்மல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சார்ஜண்டு இல்ல தம்பி. யுத்தம் முடிஞ்சு போச்சு."

"எப்பங்க?"

"நீங்க மேல ஏறுன அன்னைக்கே."

நாச்சிமுத்து கல்குழியைப் பார்த்தான். கீழே கிடந்த சிவப்புத்துணியைப் பார்த்தான்.

"அப்பறம் ஏனுங்க செவப்பு?"

இதற்கு வெயிலுமுத்துவிடம் பதில்கள் இருந்தன. சார்ஜண்டு உத்தரவு தரவில்லை என்று ஒரு பதில் இருந்தது. ஊர் சாமியாக்கிவிட்டது என்று ஒன்று இருந்தது. எருமை என்றுகூட ஒன்று இருந்தது. இருபத்தேழு வருடமாகப் படுக்கும்போதெல்லாம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பதில்கள் அவை. பையனின் முகத்துக்கு நேரே ஒன்றைக்கூட எடுக்கமுடியவில்லை.

"மொதல்ல எடுக்க மறந்துட்டேன்" என்றான். "பெறகு எடுக்கப் பயமா இருந்துச்சு. பெறகு எடுக்க மனசில்ல."

இந்தத் தடவை சாமி பேசுகிறது என்று யாரும் சொல்லவில்லை. கெங்குசாமி கையிலிருந்த வத்தலைக் கீழே போட்டார்.

அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று வெயிலுமுத்து அவனுக்கு எட்டுகிற தூரத்தில் பீடத்திலிருந்து இறங்கி நின்றான். பையன் அடிக்கவில்லை. எத்தனை வருடம் என்று கேட்கவில்லை, அப்பா இருக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நானு மொதத் தடவ வந்தது?"

வெயிலுமுத்துவுக்கு அது கண்ணில் அப்படியே இருந்தது. புளியமரத்துக்கு மேலே, காலை வெயிலில், ஒரு குலுக்கலும் இல்லாமல், அளந்து வைத்த மாதிரி வந்தது.

"சரியாத்தான் வந்தீங்க தம்பி" என்றான். "மொதத் தடவையே சரியாத்தான் வந்தீங்க."

நாச்சிமுத்து தோல் தொப்பியைக் கழற்றினான். அதை முகத்தில் பொத்திக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் சிமெண்டில் உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பையன் எப்படி அழுவானோ அப்படிச் சத்தம்போட்டு அழுதான். வத்தல் நெடியில் ஏற்கெனவே எல்லோர் கண்ணிலும் தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்ததால் யார் எதற்கு அழுகிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சொர்ணக்கிளி கூடையை வைத்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலுமுத்து மட்டும் உட்காரவில்லை. வேட்டியை இடுப்பில் கட்டவேண்டும் என்பதுகூட நினைவில்லாமல், அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, பையன் அழுது முடிக்கும் வரை அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றான்.